திட்டத் தெரியாத இங்கிலீஷ்

அவர் திட்டினால் வண்டி கேட்கும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. காலையில் தேயிலை பாக்டரிக்குப் பின்னால் பனி மூடிக் கிடக்கும். அந்த இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை எட்டு உதை, பத்து உதை உதைத்துப் பார்ப்பார். கிளம்பாது. இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "ஏன்டி, ராவெல்லாம் நல்லாத்தான தூங்குன? இப்ப என்னா நோவு ஒனக்கு? மேல்மலையில ஆளுங்க காத்துக்கிட்டு நிக்குதுங்க, நீ இங்க சீமாட்டி மாதிரி படுத்துக் கெடக்க?" என்று ஆரம்பிப்பார். இரண்டு மூன்று கெட்ட வார்த்தையும் சேரும். அடுத்த உதையில் அது புகையைத் துப்பிக்கொண்டு எழுந்துவிடும். கொழுந்துக்கூடையோடு போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பாக்டரி வொர்க்‌ஷாப்பில் அவர் ஃபோர்மேன். கொழுந்து அரைக்கிற மெஷின், காயவைக்கிற மெஷின், லோரி எல்லாம் அவர் பொறுப்புதான். ஆனால் உயிர் கிடந்தது அந்த நான்கு இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களில். ஒன்று சின்னத் துரைக்கு, ஒன்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸருக்கு, இரண்டு வெளிவேலை பார்க்கிற கண்டக்டர்களுக்கு. அந்தக் கண்டக்டர்களில் ஒருவர் ஃபோர்மேனின் கூடப்பிறந்த தம்பி.

ஃபோர்மேன் குள்ளமான ஆள். எவ்வளவு குளிர் அடித்தாலும் காக்கி அரைக்கால் சட்டைதான். மேலே மட்டும் பட்டாளத்துக்காரன் யாரோ விட்டுப்போன ஒரு சுவெட்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். சோறு தின்னுமுன் கையில் மண்ணெண்ணெய் ஊற்றி, அப்புறம் சோப்பில் சீனியைப் போட்டுத் தேய்ப்பார். அப்படியும் நகக்கண் கறுப்பு போகாது. நான் அப்போது ஆபீஸில் சின்ன கிராணி, குமாஸ்தா வேலை. டைப் அடிக்கிற மெஷினும் நானும்தான் அங்கே வயதில் இளையவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் டவுனுக்கு இறங்குவோம். அவர் ஓட்ட, நான் பின்னால். பாய் கடையில் ரொட்டி தின்று எழுவதற்குள் வண்டிக்குக் கீழே ஒரு கறுப்புக் குட்டை தேங்கி நிற்கும். பாய் கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஃபோர்மேன், ஒங்க வண்டி இன்னிக்கும் என் வாசல்ல ஒண்ணுக்குப் போயிருச்சுலா."

"ஓடுற ஒடம்புன்னா வேர்க்கத்தான் செய்யும் பாய். கல்லாவுல ஒக்காந்திருக்கிற ஒடம்புக்கு அது எங்க தெரியப்போவுது."

கடையே சிரிக்கும். பாயும் சிரிப்பார். ஆனால் ஃபோர்மேன் அந்த வண்டியைப் பற்றி வேறு யாரையும் ஒரு சொல் குறைத்துப் பேச விடமாட்டார். தம்பியே ஒரு தரம், "கைவிரலெல்லாம் மரத்துப்போவுதுண்ணே, அப்படி ஆடுது" என்று பலர் முன்னால் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திரும்பி மலையேறும்போதுதான் பின்னால் இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி மெல்ல ஆரம்பிப்பார்.

"கிராணி, நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ்லயே இரு. ஒரு கடுதாசி இருக்கு. வெளியாளுங்க முன்னால வீட்ட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனா செஞ்சவன்கிட்ட சொல்லாம இருந்தா அது துரோகம்லா."

அவர் குணம் முழுவதும் அதுதான். ஊர் முன்னால் தாங்குவார், உரியவன் முகத்துக்கு நேரே திட்டுவார். மனிதர்களிடமும் அப்படித்தான். பெரிய கிராணி அளவுக்கு மேல் குடிக்கிறார் என்று பெரிய கிராணியிடமே சொன்னார். ஊரில் யாராவது அதைப் பேசினால், "அவரு தொண்ட, ஒனக்கென்னா" என்று வாயை அடைத்தார்.

கடுதாசி நாளில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் மெஷினுக்கு முன்னால் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். அந்த மெஷினுக்குள்ளே வெள்ளைக்காரன் இருக்கிற மாதிரி அதைப் பார்த்தே பேசுவார்.

"ஐயா, எஞ்சின் கூட்ட ரெண்டாப் பொளந்து நடுவுல சேத்திருக்கீங்க. சேத்த எடத்துல ஒழுகுது. நடுவுல வைக்கிற அட்டய மாத்தினேன், ஒழுகுது. பசை தடவுனேன், ஒழுகுது. அந்த எண்ணெய் காத்துல பின்னால போயி டயர்ல படுது. எங்க ஊரு ரோடு பூரா எறக்கம். தெனம் மழை. எறக்கத்துல பிரேக் போட்டா பின்சக்கரம் வழுக்கிக்கிட்டு முன்னால வருது. ஒங்கப்பன் காலத்து எஞ்சின இன்னும் எத்தன நாளைக்கு விப்பீங்க? மாத்துங்க. மாத்தலன்னா ஆள் செத்துருவான்."

பிறகு என் பக்கம் திரும்புவார். "எழுதிட்டியா? ஆள் செத்துருவான்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

எழுதவில்லை.

எனக்குத் திட்டுவதற்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள், வேலை கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள், நன்றி சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆபீஸில் பெரிய கிராணி மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரனுக்குப் போகிற கடிதத்தில் ஒவ்வொரு வரியும் குனிந்து நிற்கவேண்டும் என்பது அவர் பாடம். போதாக்குறைக்கு அந்த வண்டிகளைச் செய்கிற கம்பெனியின் கோலாலம்பூர் ஏஜெண்டும் எங்கள் துரையும் ஒரே கிளப்பில் குடிக்கிறவர்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது, அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம். அதை இப்போது வேறு நல்ல பெயரால் சொல்ல விரும்பவில்லை.

அதனால் நான் அடித்த கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்களுடைய உன்னதமான இயந்திரம் இந்த மலைப்பாதைகளில் எங்களுக்கு ஆற்றிவரும் சேவைக்குப் பணிவுடன் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் எப்போதாவது சிறிது எண்ணெய்க் கசிவு தென்படுகிறது. எங்கள் அபிமானத்தை அது எவ்விதத்திலும் குறைக்கவில்லை. தாங்கள் ஓய்வான நேரத்தில் இதைத் திருவுளம் பற்றினால் நன்றியுடையவனாவேன்."

செத்துருவான் என்பதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. விட்டுவிட்டேன். கீழே அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயரைப் பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்தான் அவருக்கு இங்கிலீஷில் எழுத வரும்.

பதில் வந்தது. தடித்த தாள், மேலே முத்திரை. தங்கள் அன்பான கடிதம் கண்டு மகிழ்ந்தோம், எங்கள் வாடிக்கையாளர்களின் திருப்தியே எங்கள் பெருமை என்று நாலு வரி. "பாத்துக்கிட்டு இருக்கோம்னு எழுதியிருக்கான்ணே" என்றேன்.

"பாக்கட்டும். வெள்ளைக்காரன் நிதானமாத்தான் பாப்பான்" என்று அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் ஏழு கடிதம் போட்டோம். ஒவ்வொன்றிலும் அவர் குரல் ஏறிக்கொண்டே போனது, என் இங்கிலீஷ் குனிந்துகொண்டே போனது. ஏழாவது கடிதத்தில் அவர் சொன்னது, "காது செவுடா ஒங்களுக்கு" என்று. நான் அடித்தது, "தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் ஒருமுறை" என்று.

அந்தக் கம்பெனியைப் பற்றிப் பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன். உலகச் சண்டைக்கு முன்னால் வரைந்த எஞ்சின். அதையே கொஞ்சம் பெரிதாக்கினார்கள், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடியது, போல்ட்டு கழன்றது, விளக்கு அவிந்தது. புதிதாக வார்க்க மெஷின் வாங்கவேண்டும், பழைய மெஷினே ஓடுகிறதே என்று இருந்துவிட்டார்கள். நான் ஒழுங்காக எழுதியிருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா என்று என் மனைவி எனக்காக எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறாள். கேட்டிருக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்காமல் போனது அவர்கள் பாடு. சொல்லாமல் விட்டது நான்.

ஏழாவது கடிதம் போன வருஷம், ஐப்பசி மழையில் ஒரு காலை, மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் குளவி கொட்டிவிட்டது. டிரஸரைக் கூப்பிட ஃபோர்மேனின் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாக்டரிக்கு மேலே இருக்கிற வளைவில் வண்டி அவரைத் தள்ளிவிட்டுத் தேயிலைக்குள் போய் விழுந்தது. அவர் விழுந்த இடத்தில் கல் இருந்தது.

நாங்கள் ஓடினோம். ஃபோர்மேன் எங்களுக்கு முன்னால் ஓடினார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். உடனே வண்டியிடம் போனார். அதை நிமிர்த்தி, பின் டயரை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். கையை மழையில் நீட்டிப் பார்த்தார். மழை விழுந்தும் அந்தக் கறுப்பு கரையவில்லை. அதற்குப் பிறகுதான் தம்பியிடம் வந்து மண்ணில் உட்கார்ந்து தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பியை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கப் போனான் பார் என்று தோட்டத்தில் அவரைப் பேசினார்கள். அவர் எதைத் தேடிப் போனார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்தார். மொட்டைத் தலை. தொப்பி போட்டிருக்கவில்லை.

"கிராணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆள் செத்துருவான்னு எழுதினியா?"

"எழுதினேண்ணே."

"ஏழுலயுமா?"

"ஏழுலயும்."

தலையை ஆட்டினார். "அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் வாசலில் நான்கு படி. அவர் இறங்குகிற நேரத்துக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் டைப் மெஷினின் துணி உறையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து அவர் பெயருக்கு ஒரு வண்ணப் புத்தகம் வந்தது. புது வருஷத்து வண்டிகளின் படங்கள். மூன்றாம் பக்கத்தில், கடல் கடந்த மலைத் தோட்டத்திலிருந்து ஒரு நண்பர் எழுதுகிறார் என்று போட்டு, அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதன் கீழே என்னுடைய இங்கிலீஷ். எங்கள் அபிமானத்தை எவ்விதத்திலும் குறைக்கவில்லை என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில். எண்ணெய்க் கசிவு என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.

அவர் தன் பெயரைக் கண்டுபிடித்து விரலை அதன்மேல் வைத்தார். "என்னா போட்டிருக்கான்?"

"நீங்க சொன்ன கொறையெல்லாம் போட்டு, விசாரிக்கிறோம்னு போட்டிருக்கான்ணே" என்றேன்.

அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பளபளக்கிற வண்டி, பக்கத்தில் சிரிக்கிற ஒரு பெண். "இம்புட்டுக் கலர்லயா விசாரிக்கிறான்" என்றார். புத்தகத்தைச் சுருட்டிச் சுவெட்டருக்குள் சொருகிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் அந்தப் பக்கம்தான். என்னால் அது ஒருமுறை அச்சில் வந்தது போதும்.

அன்றிலிருந்து அவர் வண்டிகளைத் திட்டவில்லை. காலையில் வாயைத் திறக்காமல் உதைப்பார். கிளம்பினால் கிளம்பும், இல்லாவிட்டால் லோரியில் ஆளை அனுப்புவார். என்னிடம் கடுதாசி என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. யாராவது வெளியாள் வந்தால் என் தோளில் கை போட்டு, "இவருதான் எங்க சின்ன கிராணி. நான் சொல்றத ஒரு சொல்லு விடாம எழுதுவாரு" என்று அறிமுகப்படுத்துவார். அவர் கையை எடுக்கிற வரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது அன்பா, வேறு ஏதாவதா என்று கேட்டுக்கொண்டே எத்தனையோ நாள் வேலைக்குப் போயிருக்கிறேன்.

ஜப்பான் வண்டி வந்தது அதற்குப் பிறகுதான். சின்ன வண்டி, ஒல்லிக் கால். பாய் கடையில் அதைப் பார்த்துத் தையல் மெஷின் என்றார்கள். எங்கள் துரை சோதனைக்கு இரண்டு வாங்கினார். மூன்று மாதம் கழித்து ஈப்போ ஏஜெண்ட் ஒரு சீனர், கூடவே ஜப்பான்காரன் ஒருவனை அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்த அந்த ஆள் யாரிடமும் கேட்காமல் எங்கள் வொர்க்‌ஷாப் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து சங்கிலியைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, உடைந்த மலாயில், இதில் என்னென்ன குறை என்று கேட்டான்.

துரை என்னைப் பார்த்து, கூட நின்று எழுதிக்கொடு என்று சைகை காட்டினார். நான் முன்னால் போனேன். ஃபோர்மேன் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ இரு கிராணி. இவன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அவருக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் இருந்தது பாசார் மலாய்தான். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மழையில் பிரேக்குக்குள் தண்ணீர் போகிறது என்று சொன்னார். கையால் இறக்கத்தைக் காட்டினார். கடைசியில் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஓராங் போலே மாத்தி." ஆள் செத்துப்போவான். ஜப்பான்காரன் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டான். நான் அங்கே நிற்க முடியாமல் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் வந்த வண்டிகளில் பிரேக்கைச் சுற்றி ஒரு விளிம்பு வைத்திருந்தார்கள். தண்ணீர் போகவில்லை. நான்கு இங்கிலீஷ் வண்டியும் ஒவ்வொன்றாக வொர்க்‌ஷாப் பின்புறம் போய்ச் சேர்ந்தன. அவற்றை எடைக்குப் போட லோரி வந்த அன்று அவர் லீவு போட்டுவிட்டார். இன்னும் சில வருஷத்தில் இங்கிலாந்தில் அந்த பாக்டரியையே மூடிவிட்டார்கள். பேப்பரில் சின்னதாக வந்திருந்தது. பாய்தான் படித்துச் சொன்னார்.

"ஃபோர்மேன், ஒங்க கம்பெனிய மூடிட்டானுங்களாம்லா."

அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். "பாவம் பாய். யாரும் அவனுங்களுக்கு எடுத்துச் சொல்லல போல" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த என்னை அவர் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. பேத்தி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். ஹோட்டலைப் பற்றிப் போனில் நட்சத்திரம் போடவேண்டுமாம். "அஞ்சையும் அமுக்குங்க தாத்தா, யாரு பாக்கப்போறா" என்கிறாள். அறையில் வெந்நீர் வரவில்லை என்று அவளே நேற்று புலம்பினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரல் போகமாட்டேன் என்கிறது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது திரிங்காப்பில், அவர் மகள் வீட்டில். நான் ஓய்வு பெற்ற வருஷம். மதியம், வெளியே பூத்தோட்டத்துக்குப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் கூரைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியில் போர்வைக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்டது, புத்தியும் தெளிவு. சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். மகள் இரண்டு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, அந்தக் கடுதாசி விஷயமா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்" என்றார். "அந்தக் கலர் புஸ்தகத்த டிரஸர் அன்னிக்குச் சாயங்காலமே எனக்குப் படிச்சுக் காட்டிட்டாரு."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கை என் தோளில் இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அப்ப ஏண்ணே என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டேனே. தம்பி செத்தப்ப ஒரு தடவ. புஸ்தகம் வந்தப்ப ஒரு தடவ."

"நான் பண்ணது தப்புண்ணே. நீங்க என்னைய..."

கையைத் தூக்கி நிறுத்தினார். "சொல்லாத. நீ வாய்விட்டுக் கேட்டுட்டா, நான் மன்னிச்சேன்னு சொல்லணும். வீடு தேடி வந்த மனுசன்கிட்ட வேற என்னா சொல்ல முடியும்? எனக்கு அது வாய்ல வராது கிராணி. பொய்யாவும் சொல்ல வராது. தேத்தண்ணியக் குடி, ஆறுது."

கோப்பையை எடுத்தேன். ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை.

மகள் வாசற்படியில் வந்து நின்று, "தேத்தண்ணி நல்லாருக்கா மாமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன்.

அவர் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "சீனி போட மறந்துட்டியேம்மா" என்றார்.